திரைக்கு அந்தப் பக்கம்

இல்ல தம்பி, எழுந்திருக்காதீங்க. அந்த நாற்காலி இனிமே உங்களோடது. உயரத்தைக் கூட்டுங்க, குறைச்சுக்குங்க, யாரு கேக்கப் போறா? எங்க வீட்டுக்காரர் வருஷக்கணக்கா ஏங்கின நாற்காலி. இங்க ஓபோக் குழல் ஊதுற யாருக்காவது காய்ச்சல்னா இவரைக் கூப்பிடுவாங்க, வந்து ஊதிட்டுப் போவாரு. மத்த நாள்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாரு. ஆமா, யசுனோரிதான். நான் அவர் சம்சாரம் சவாகோ. வயோலா வாசிக்கிறேன். உங்களுக்கு முன்னாடிதான் உக்காருவேன்.

ஒத்திகைக்கு இன்னும் யாரும் வரல. அதனால சொல்றேன், நீங்க இது வரைக்கும் ஊதிட்டிருந்த துறைமுகக் குழுவைப் பத்தி நான் என்ன நினைக்கிறேன்னு கேட்டீங்கன்னா... கேக்கலையா? இருந்தாலும் கேட்டுக்குங்க.

ஒசாகாவுக்கே பெருமையான பழைய அரங்கம். இதுக்குள்ள எங்களையும் துறைமுகத்தையும்னு ரெண்டு இசைக் குழுவைக் கொண்டாந்து குடி வச்சாங்க பாருங்க, அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரியல. நீங்க ஒத்திகை முடிச்சிட்டுப் போன மறுநாள் நாங்க உள்ள வந்தா, மேடை முழுக்க ட்ரம்பெட்காரன் வடிச்ச எச்சித் தண்ணி. தொட்டியில கழுவாத டீக் கோப்பை. போன மாசம் நான் நோட்டு வைக்கிற ஸ்டாண்டுல சூயிங்கம் ஒட்டியிருந்துச்சு. கோடை லீவுல கார்ட்டூன் பாட்டு வாசிச்சுக் கூட்டம் சேக்குறாங்க. முன்னால நின்னு கோல் வீசி நடத்துறவரு முயல் காது மாட்டிக்கிட்டுக் குதிக்கிறாரு, வயசு என்ன ஆச்சு அவருக்கு!

உங்க ரசிகருங்க அதுக்கு மேல. கடைசி ஸ்வரம் இன்னும் காத்துல இருக்கும், அதுக்குள்ள ஒருத்தன் பிராவோன்னு அலறுவான். எங்க ரசிகருங்க, கோல் கீழ இறங்குற வரைக்கும் இருமலைக்கூட முழுங்கிக்குவாங்க.

சிரிக்காதீங்க தம்பி. நீங்களும் அந்த முயல் காதுக்கு முன்னால உக்காந்து ஊதினவர்தானே.

கோவமா? உங்க மேலயா? சேச்சே.

இந்த நாற்காலிக்கு ஆள் எடுத்த அன்னைக்கு நீங்க திரைக்கு அந்தப் பக்கம் நின்னீங்க. இந்தப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியாதுல்ல. எங்க குழுவுல எல்லாரும் ஓட்டுப் போடணும். ஊதுறவங்களுக்குப் பேரு கிடையாது, நம்பர் மட்டும். நடைச் சத்தத்தைக் கேட்டு ஆணா பொண்ணான்னு கண்டுபிடிச்சிருவோம்னு கம்பளம்கூட விரிச்சிருந்தாங்களே, பாத்திருப்பீங்க. எங்க வீட்டுக்காரரும் அன்னைக்கு வந்திருந்தாரு. புருஷனுக்குப் பொண்டாட்டி ஓட்டுப் போடலாமான்னுதானே கேக்குறீங்க? திரை இருக்கே, யாரு யாருக்குப் போட முடியும்?

ஆனா நான் மனசுக்குள்ள சிரிச்சிக்கிட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து என் காதுல விழுற சத்தம், எனக்குத் தெரியாதான்னு.

நாலாம் நம்பர் ஊத ஆரம்பிச்சதும் உடம்பு சிலிர்த்துப் போச்சு. இவரேதான்! இன்னைக்கு என்னமா ஊதுறாருன்னு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. போட்டேன் ஓட்டை. ஒரே ஒரு ஓட்டுலதான் நாலாம் நம்பர் ஜெயிச்சது. திரையை விலக்கினா நீங்க நிக்கிறீங்க.

அட, அதுகூடப் போகட்டும் தம்பி. அதை அவர்கிட்ட சொன்னாக்கூட விழுந்து விழுந்து சிரிப்பாரு.

ரெண்டாம் நம்பரைத்தான் மறக்க முடியல. அது ஊதுறப்போ பக்கத்துல இருந்தவகிட்ட, வாத்தோட கழுத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கு, துறைமுகத்துக்காரனாத்தான் இருக்கும்னு சொன்னேன். அவளும் சிரிச்சா. மெதுவாத்தான் சொன்னேன். ஆனா கடைசி வரிசையில கிசுகிசுத்தாலும் மேடைக்குக் கேக்குமே இங்க, அதுக்குத்தானே இந்த அரங்கத்துக்கு இத்தனை புகழ். ரெண்டாம் நம்பர் ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் மறுபடி ஊதிச்சு.

அப்புறமா நம்பர் பட்டியலைப் பாத்தேன். ஆமா. அவர்தான்.

நேத்து சாப்பிடுறப்போ மீன் முள்ளை ஒவ்வொண்ணா ஓரமா எடுத்து வச்சிக்கிட்டே கேட்டாரு, துறைமுகத்துல ஓபோவுக்கு ஆள் எடுக்கிறாங்களாமே, எனக்குச் சரியா இருக்கும்லன்னு.

அங்க எல்லாரும் எப்படி தம்பி? நல்லவங்கதானே? புதுசா வர்றவர்கிட்ட முகம் குடுத்துப் பேசுவாங்களா?