ஒளித்து வைத்த கிணற்றோர ரூம்

கொல்லங்கோட்டில் பஸ் கிளம்பியதும் முன் சீட்டில் இருந்தவர் தன் சம்சாரத்திடம், "கெணத்தோர ரூமை ஒளிச்சு வெச்சுட்டேன் புள்ள" என்றார். தோட்டத்து வீட்டில் வெளியூர்க்காரர்களுக்கு ரூம் விடுகிறவர்கள் என்று போகப்போகப் புரிந்தது.

"ஏனுங்க, வெப்சைட்டுல அந்தப் பக்கத்தையே அழிச்சுப் போட்டீங்களா? நான் எடுத்த போட்டோவெல்லாம் போச்சா?"

"அழிக்கலை, டிராப்டுல போட்டிருக்கறேன். எல்லாம் உள்ள பத்தரமா இருக்குது. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது."

"போன தடவ மக வந்தப்பவும் இப்படித்தான் சொன்னீங்க. கார்ல ஒரு குடும்பமே வந்து எறங்குச்சு, அவ சமையக்கட்டுல படுத்தா. நாளைக்குப் பிரசவத்துக்கு வர்றாளுங்க."

"அன்னிக்கு வெப்சைட்டு மெனுவுல மட்டுந்தான் ரூம் பேரை எடுத்தேன், பக்கம் அப்படியே கெடந்துது. பழைய லிங்கை வெச்சு புக் பண்ணிட்டாங்க. இப்ப நீயே தட்டிப் பாரு."

அந்த அம்மாள் தன் போனில் தட்டிப் பார்த்தாள்.

"பக்கமே இல்லீன்னு வருதுங்க!" அவள் முகம் மலர்ந்தது.

"காலைல, முன்ன வந்து தங்குன ஒருத்தரு போன் பண்ணி அதே ரூமைக் கேட்டாரு. ஆள் இருக்குதுன்னேன். எப்பக் காலி பண்ணுவாங்கன்னாரு."

"என்ன சொன்னீங்க?"

"ஆளு இன்னும் பொறக்கவே இல்லீங்கன்னேன்."