காற்று: இல்லை

திருச்செந்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னாள்:

“இல்லைன்னு போட்டிருந்தா இல்லைன்னு அர்த்தமில்ல, கொழுந்தனாரே.”

அவள் பக்கத்தில், கையில் மாவுக்கட்டோடு இருந்தவர் சீறினார்.

“கடலுக்குப் போறவங்களுக்குன்னு நீங்க நடத்துத வெப்சைட்டுல ‘காற்று: இல்லை’ன்னு கிடந்துச்சு மைனி. அத நம்பித்தான வள்ளத்த இறக்குனேன். அலை தூக்கி அடிச்சிட்டுல்லா?”

“காத்த நான் அளக்கல. அதுக்கு வேற ஒரு புரோகிராம் ஓடுது. அது சொல்லுதத வாங்கி என் வெப்சைட்டு அப்படியே காட்டும். அன்னைக்கு அது வாயே தொறக்கல. பதில் வரலைன்னா ‘இல்லை’ன்னு போடுன்னு நாந்தான் எழுதி வச்சிருந்தேன்.”

“நல்லா எழுதுனிய! நாளைக்கு விடிஞ்சா ஊரே அதப் பாத்துத்தான் கடலுக்குப் போவும்.”

அவள் மடியில் லேப்டாப்பைத் திறந்து, பஸ் குலுங்கக் குலுங்க ஒரு வார்த்தையை அழித்து வேறொன்றை அடித்தாள்.

“இனிமே பதில் வரலைன்னா ‘தெரியலை’ன்னு வரும்.”

“தெரியலைன்னு போட்டா உங்கள எவன் மைனி நம்புவான்?”

“நம்ப வேண்டாம். கரையில நின்னு, கண்ணால கடலப் பாத்துட்டுப் போவட்டும்.”