பாரம் தொங்கும்போது பார்த்த பிரஷர்

மனைவி: என்னங்க இது... இல்லாத நாற்காலியில உக்காந்திருக்கீங்க?

கணவன்: சும்மா... செவுத்துல சாஞ்சிருக்கேன்.

மனைவி: சாஞ்சிருக்கறவருக்குத் தொடை ஏன் இப்படி நடுங்குது? கையில வேற பிரஷர் மிஷின் பட்டை...

கணவன்: கொஞ்சம் பேசாம இரேன், மிஷின் ஓடுது... போச்சு. நூத்தி எழுபத்திரெண்டு.

மனைவி: உங்களுக்கு எப்பலேந்து பிரஷர்?

கணவன்: போன மாசம் கிரேன் ஓட்டறவங்களுக்கு செக்கப் வச்சாங்கல்ல... அதுல ஜாஸ்தி வந்துச்சு. நாளைக்கு மறுபடி பாப்பாங்க. குறையலேன்னா மேல ஏற விடமாட்டாங்க.

மனைவி: ஒரு மாசமா வாயையே திறக்கலையே!

கணவன்: சொன்னா நீ பயந்துடுவே. கேபின்ல வேற ஆள் ஏறுவான்... நான் கீழே நின்னு கொடி காட்டணும்.

மனைவி: அதுக்கு? செவுத்தைத் தாங்கினா பிரஷர் இறங்கிடுமா?

கணவன்: கிளினிக் நர்சம்மா சொன்னாங்க. மூச்சை அடக்காம, அசையாம இப்படியே உக்காரணும்... அப்புறம் ஓய்வு... மறுபடி உக்காரணும். சில வாரம் விடாம செஞ்சா மெல்லக் குறையுமாம்.

மனைவி: அட, அசையாம இருந்தே குறையுமா?

கணவன்: எங்கே குறையுது? பாக்கறப்பல்லாம் ஏறித்தான் நிக்குது.

மனைவி: எப்போ பாக்கறீங்க?

கணவன்: இப்படி உக்காந்திருக்கறப்போதான்.

மனைவி: கிழிஞ்சுது போங்க... ஏன்?

கணவன்: பாரம் கொக்கியில தொங்கறப்போதானே எடை மீட்டர் பாக்கணும்? இறக்கி வச்சப்புறம் பாத்து என்ன பிரயோஜனம்?

மனைவி: நீங்க ஆளா, கிரேனா? தசையை இறுக்கினா அந்த நேரத்துக்கு ஏறத்தான் செய்யும். எழுந்திரிங்க. இது நிஜ நாற்காலி... முதுகைச் சாய்ங்க. காலைப் பின்னாதீங்க. கையை மேசை மேல வைங்க.

கணவன்: பட்டனை அமுக்கட்டுமா?

மனைவி: பறக்காதீங்க. அஞ்சு நிமிஷம் போகட்டும். பேசவும் கூடாது.

கணவன்: அது உன்னால முடியுமா?

மனைவி: ...

கணவன்: ...

மனைவி: ம்... இப்போ அமுக்குங்க.

கணவன்: நூத்தி இருபத்தெட்டு... ஏய், இது நிஜமா?

மனைவி: ஒரு தடவையை நம்பக்கூடாது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை.

கணவன்: ... நூத்தி இருபத்தாறு. அப்பாடா... உசுரு வந்துச்சு. ஆமா, காலைப் பின்னாதே, பேசாதேன்னு... இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?

மனைவி: என் டாக்டர்தான்... எனக்கும் ரெண்டு வருஷமா பிரஷர், மாத்திரை போடறேங்க. அவ்ளோ உசரத்துல உக்காந்துக்கிட்டு என்னை நினைச்சுக் கவலைப்படுவீங்களேன்னுதான் சொல்லலை.