தானாக வந்த மெயில்

வில்லியனூரில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டில் இருந்த நரைத்த மீசைக்காரர், பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்.

“புது கம்ப்யூட்டர் வாங்கி வூட்ல மானம் போச்சிடா.”

“இன்னாடா ஆச்சி?”

“நானே எல்லாத்தையும் மாத்திடுறேன்னு பொண்டாட்டிகிட்ட பீத்திக்கினேன். பழசுல ஸ்கிரீன் மேல இருந்ததையெல்லாம் பென் டிரைவ்ல ஏத்திட்டு, பழச சுத்தமா அழிச்சிட்டேன். புதுசுல ஒண்ணுமே தொறக்கல. என் அறிவு, நான் ஏத்தினது வெறும் ஷார்ட்கட்டாம், உள்ள சரக்கே இல்லாத வெறும் குறி. கல்யாண போட்டோ மொத்தமும் போச்சி.”

“மெயிலு?”

“அது மட்டும் பாஸ்வேர்டு போட்டதும் தானா வந்துடுச்சி, இருபது வருசத்துதும். போட்டோ எதுனா கெடைக்குதான்னு அவ அதுல தேடியிருக்கா. அவளப் பொண்ணு பாத்துட்டு வந்து அன்னிக்கு உனக்கு மெயில் போட்டேனே, ‘பொண்ணு சுமார்தான்’னு, அது கெடைச்சிருக்கு.”

நண்பர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அழுதாங்களா?”

“இல்லடா. அவ மெயில தொறந்து, அதே நாள்ல சிநேகிதிக்குப் போட்டத எடுத்துக் காட்டினா.”

“இன்னா எழுதியிருந்தாங்க?”

மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“‘மாப்பிள்ளை சுமார்கூட இல்ல. ஆனா பஜ்ஜிய சட்டையில போட்டுக்கினு முழிச்சப்போ பாவமா இருந்துச்சி. சரின்னுட்டேன்’னு.”