உருகாமல் நின்ற மலை

அவையை ஆளும் தலைவர் அவர்களே, அருகிருந்து வாழ்த்த வந்திருக்கும் பெரியோர்களே, எங்களைப் பெற்று வளர்த்துப் பொறுத்துக்கொண்ட தாய்மார்களே, கடைசி வரிசையில் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்கும் அன்புத் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் மேடையேறினாலே "சாப்பாடு எப்போ?" என்று கேட்பதுதான் உங்கள் பழக்கம். கல்யாண வரவேற்புகளில் மைக் பிடித்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் புகழ்ந்தே பிழைப்பவன் நான். அதே வரவேற்புகளுக்குப் பனிக்கட்டியில் அன்னம் செதுக்கித் தருபவர், இதோ அமர்ந்திருக்கும் நம் ஐஸ் அக்கா. இன்று அவர் செதுக்கிய ஒரு மலைக்காக அவரைப் பாராட்டக் கூடியிருக்கிறோம்.

அக்காவுக்கு ஒரே தம்பி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மனைவி மக்களோடு பனிமலை அடிவாரத்தில் குடியிருக்கிறார். அந்த மலை உருகுகிறது. உருகிய நீர் மலை மடியில் ஏரியாகத் தேங்குகிறது. பனியும் கல்லும் சேர்ந்த ஒரு கரை அதைத் தடுத்து நிற்கிறது. எத்தனை நாள் நிற்கும் அந்தக் கரை? ஊரைக் கேட்டு உடையுமா? உறங்குபவரை எழுப்பிவிட்டு உடையுமா? அக்கா கெஞ்சினார், கோபித்தார், போனிலேயே அழுதார். தம்பி என்ன சொன்னார் தெரியுமா?

"சும்மா பயமுறுத்தாதக்கா. தினம் கதவத் திறந்தா அதே மலைதான் நிக்குது. அது எங்க போகப் போகுது?"

சொல்லிச் சொல்லி நா ஓய்ந்தது. உளி பிடித்த கை ஓயவில்லை. ஒரு மேசை நிறைய மலையைச் செதுக்கினார். நடுவில் நீலச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி ஏரி அமைத்தார். அடிவாரத்தில் அட்டையால் தம்பியின் வீடு. சிவப்புக் கூரை, வாசலில் பிள்ளைகளின் சைக்கிள்கூட உண்டு. சாயங்காலம் இதே மண்டபத்தில் வைத்துவிட்டுப் போனார். காலையில், வரச் சொல்லியிருந்த தம்பி வந்து பார்க்கும்போது கரை கரைந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

நம் மண்டபத்து ஊழியர்கள் என்ன செய்தார்கள்? சிரிக்காதீர்கள், அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். அன்னத்தின் மூக்கு கொஞ்சம் உருகினாலும் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள் அல்லவா? ஏசியை முழுதாக வைத்தார்கள். மலைக்கு ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். அக்கா வந்து அசந்து போகவேண்டும் என்று காவலும் இருந்தார்கள்.

தம்பி வந்தார். சாக்கை விலக்கினார்கள். மலை வைத்தது வைத்தபடியே நின்றது. தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாத்தியாக்கா, நீ செஞ்ச மலையே உன் பேச்சக் கேக்கல."

அக்கா அவரைத் திட்டவில்லை. ஊழியர்களைப் பார்த்தார்.

"உங்க மேல கோபம் இல்லப்பா. ஒரு மேசை ஐஸ காப்பாத்த இத்தன பேர் ஓடி வந்திருக்கீங்க. இவன் தலைக்கு மேல நிக்கிற மலையக் காப்பாத்த யாரு வருவா?"

அவையோரே, இதற்கு யார் பதில் சொல்வது? புகை கக்கும் ஆலையா? பக்கத்துத் தெருவுக்கும் வண்டி எடுக்கும் நாமா? அன்று கூட இருந்த நான், எழுந்து போய் ஏசி சுவிட்சைத் தேடினேன்.

ஏசியை நிறுத்தினோம். வேர்க்க வேர்க்க உட்கார்ந்தோம். சொட்டியது, சொட்டியது, சொட்டிக்கொண்டே இருந்தது. உச்சிப் பொழுதில் கரையின் ஒரு மூலை நழுவியது. நீலத் தண்ணீர் ஒரே பாய்ச்சலில் இறங்கி, அட்டை வீட்டைத் தள்ளித் தம்பியின் காலடியில் போட்டது. குனிந்து எடுத்தார். ஊறிப்போன சுவர் அவர் விரல்களுக்குள்ளேயே மடங்கியது. அதைக் கீழே வைக்காமலே மனைவிக்குப் போன் போட்டார்.

"பிள்ளைங்க துணிமணிய எடுத்து வை. அக்கா வீட்டுக்குப் போறோம். இல்ல, ஒண்ணும் ஆகல. ஆகறதுக்கு முன்னாடி போறோம்."

கைதட்டாதீர்கள், நான் இன்னும் முடிக்கவில்லை. போனை வைத்ததும் தம்பியின் முகம் வாடிவிட்டது.

"நான் வந்துடுவேன்க்கா. என் பஸ்ஸுல வர்ற பிள்ளைங்க?"

"வீடு வீடாப் போய்ச் சொல்லுடா."

"சொன்னா கேப்பாங்களா? நீ சொல்லி நான் கேட்டேனா?"

அதனால்தான் அக்கா இன்னொரு மலை செதுக்கி முடித்திருக்கிறார். அந்தப் பேருந்து நிற்கும் ஒவ்வொரு வாசலும் அதன் அடிவாரத்தில் இருக்கிறது. எந்தக் கூரை யாருடையது என்று தம்பியே பக்கத்தில் நின்று சொன்னார். மலையை அந்த ஊரின் நடுவே, உச்சி வெயிலில் வைக்கப் போகிறார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கட்டும். தங்கள் வாசல் மிதப்பதைத் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். வெளியே குளிர்பதன லாரி காத்திருக்கிறது. தம்பிதான் ஓட்டுகிறார்.

மேடைக்குப் பின்னால் சாக்குப் போர்த்தி நிற்கும் அந்த மலை கனமாக இருக்கிறது, அன்பர்களே. அக்காவாலும் தம்பியாலும் மட்டும் அதைத் தூக்கி லாரியில் ஏற்ற முடியாது. தலைவர் அவர்களே, பொன்னாடையை நாற்காலியில் வைத்துவிட்டு நீங்களும் வாருங்கள், ஒரு பக்கம் பிடிக்கலாம். இதுவரை செவி கொடுத்தீர்கள், நன்றி. இனித் தோள் கொடுங்கள். வணக்கம்.