கேக் இறங்கிய நாள்

துரைசானியின் நாய் என் வீட்டில்தான் இருக்கிறது ஐயா, அவரிடம் சொல்லிவிடுங்கள். களி தின்னாது என்று நினைத்தேன். இரண்டாவது உருண்டைக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறது.

எஞ்சின் ஓட்டுகிற ஏசுபாதத்தை வேலையை விட்டு அனுப்பப் போகிறீர்களாமே. அவர் மேல் தப்பில்லை. அவர் கொட்டகையிலிருந்து பார்த்தால் சுரங்கத்துக்குள் இறங்குகிற கூண்டு தெரியாது. ஷாஃப்ட் வாயில் நான் அடிக்கிற மணிதான் அவருக்குக் கண். மூன்று தரம் அடித்தால் உள்ளே ஆள் என்று மெதுவாக இறக்குவார். இரண்டு தரம் அடித்தால் சாமான், கடகடவென்று விட்டுவிடுவார். ஒன்பது வருஷமாக இந்தக் காத்தவராயன் ஒரு தரம்கூட மாற்றி அடித்ததில்லை.

சீமையிலிருந்து வந்த பங்குக்காரத் துரைக்கும் துரைசானிக்கும் எண்ணூறு அடிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட ஆசை. காசு செலவழித்து ஒரு மணி நேரம் கஷ்டப்பட வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பாவமாகத்தான் இருக்கும். மேஜை ஒரு நடை, நாற்காலிகள் ஒரு நடை, கம்பளம் ஒரு நடை, ஐஸ் பெட்டி ஒரு நடை. திரும்பி வரும்போது யாரையும் ஏற்றாதே, கூண்டு அழுக்காகிவிடும் என்று உத்தரவு.

கீழே ஷிப்ட் முடிந்து நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அதில் ராஜப்பாவுக்குக் கல் விழுந்து பாதம் நசுங்கியிருந்தது. அவன் கூட்டாளி வேலு ஏணி ஏணியாக ஏறி வந்தான்.

"இன்னா காத்தவராயா, இன்னும் எத்தினி நடை?"

"கேக்கு ஒண்ணு பாக்கிடா."

"அது எறங்கினா ராஜப்பாவ ஏத்திடலாமா?"

"அப்புறம் துரைங்க எறங்கணும்."

மூன்றடுக்குக் கேக்கைத் துரைசானியே கூண்டில் வைத்தார். உடையக் கூடாதாம், ஆளை இறக்குகிற மாதிரி இறக்க வேண்டுமாம். பட்லர் வந்து சொன்னார். மூன்று தரம் அடித்தேன்.

"இன்னாய்யா, கேக்கு ஆளா?" என்றான் வேலு.

"முட்ட போட்டு செஞ்சதாம், அதுவும் உசுருதானே" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

பிறகு துரையும் துரைசானியும் ஏறினார்கள். இந்தக் கூண்டு மாட்டுவண்டி மாதிரி ஊர்கிறது என்று துரை முந்தின நாளே குறைப்பட்டிருந்தார். விருந்தாளி மனசு குளிர நடக்க வேண்டும் என்று சொன்னது நீங்கள்தான். அதோடு எனக்கும் ஒரு குழப்பம். கேக்குக்கே மூன்று அடித்தாயிற்று, இனி ஆளுக்கு எத்தனை? கை இரண்டோடு நின்றுவிட்டது. அடித்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

கூண்டு போன வேகத்தில் துரையின் தொப்பி மேலேயே தங்கிவிட்டது. அடியில் முட்டி நின்றபோது அவருக்குக் கால் முறிந்தது. துரைசானி கீழே கூண்டு வாசலில் இறக்கி வைத்திருந்த கேக்கின் மேல் போய் விழுந்ததால் அவருக்கு அடியில்லை. ஆனாலும் கூண்டைக் கண்டாலே கூச்சல். எண்ணூறு அடியும் ஏணியில்தான் ஏறி வந்தார். துரையை மட்டும் மூன்று தரம் அடித்துப் பூப்போல ஏற்றினேன். ராஜப்பாவும் அதே நடையில் வந்தான். கால் முறிந்த துரை பக்கத்தில் இருந்ததால் கூண்டு அழுக்கானதை யாரும் பேசவில்லை.

கை தவறியது, அவ்வளவுதான். எனக்கு அவர்கள் மேல் ஒரு கோபமும் இல்லை.

நாய் எப்படி என்னிடம் வந்தது என்றா கேட்கிறீர்கள்? மணிக்கயிற்றைத் தொடுவதற்கு முன்பு அதைக் கூண்டிலிருந்து தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அது என்ன பாவம் செய்தது, ஐயா.