ஒரே ஒரு சம்பவம்

எனக்குக் கூட்டங்கள் பிடிக்கும். இப்படிச் சொல்கிற மனிதரை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விடும்போது நான் குறிப்பெடுப்பேன். எதிர்த்தரப்பு எந்தச் சொல்லை எத்தனை முறை சொன்னது, எந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தது என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். அதனால்தான் சங்கத்தில் உறுப்பினர்களின் புகார்களைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பொறுமைசாலி என்று எனக்குப் பெயர்.

வெஸ்லி ஹாகன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன், இது ஏழாவது ஆண்டு. பல்கலைக்கழகம் எங்களை ஊழியர்கள் என்று வாய்தவறியும் சொல்லாது, மாணவர்கள் என்றுதான் சொல்லும். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதும் விடைத்தாள் திருத்துவதும் ஆய்வகத்தில் கை வேக உழைப்பதும் நாங்கள். அதற்காகத்தான் சங்கம் வைத்தோம்.

பழைய ஒப்பந்தம் முடிந்து புதியதற்கான பேச்சுவார்த்தை தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. நூலகத்தின் அடித்தளத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. எங்கள் மாநிலச் சட்டப்படி நாங்கள் வேலைநிறுத்தம் செய்ய முடியாது, செய்தால் வேலை போய்விடும். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் கையெழுத்தாகாவிட்டால் சங்கத்தின் அங்கீகாரமே மறுவாக்கெடுப்புக்குப் போய்விடும். முன்னாலும் போக முடியாது, எழுந்து வெளியேறவும் முடியாது. பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் திருமதி க்ரோனினுக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரு டப்பாவில் நறுக்கிய செலரிக் கீரைத் தண்டு கொண்டுவந்து, நாங்கள் பேசும்போது நிதானமாகக் கடித்துக்கொண்டிருப்பார்.

எங்கள் தலைவி இமானி வரலாற்றுத் துறை. ஒருநாள் படியேறும்போது சொன்னாள்:

"வெஸ்லி, இந்தம்மா நம்மள அடிச்சுக் கொல்ல மாட்டா. ஊறப்போட்டே கொல்லுவா. நீ வேணா பாரு."

அவள் சொன்னது சரி. ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் பட்டம் வாங்கிக்கொண்டோ வெறுத்துப்போயோ கிளம்பினார்கள். கூட்டத்துக்கு அறுபது பேர் வந்த இடத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவராவது கணக்கு எடுக்க வேண்டுமே, நான் எடுத்தேன்.

நோமின் அந்த ஒன்பதில் ஒருத்தி. உலான்பாதரிலிருந்து வந்தவள், இரண்டாமாண்டு. நான் வேலை செய்யும் அதே பேராசிரியரிடம்தான் அவளும். ஃபிளாஸ்கில் உப்புப் போட்ட பால் தேநீர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றுவாள். முகம் சுளித்தால் சிரிப்பாள். அவளுடைய விசா அந்தப் பேராசிரியரின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தை விட்டால் நாட்டையே விடவேண்டும்.

செப்டம்பரில் அவள் என்னிடம் ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள். எங்கள் ஆய்வகத்தில் நச்சுக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டுகள் உண்டு. அவளுடைய கூண்டு சரியாக இழுக்கவில்லை, அதன் எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கிறது, பேராசிரியர் 'அது சும்மா கத்தும்' என்று மணியின் மேல் டேப் ஒட்டச் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாள். அவள் கையாள வேண்டியது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றம் இருக்கும்வரை பயமில்லை. அளவு கூடினால் மூக்கு செத்துவிடும், நாற்றம் நின்றுபோகும். அப்போதுதான் ஆபத்து.

விதிப்படி நான் அந்தப் புகாரை ஐந்து நாளுக்குள் பாதுகாப்பு அலுவலகத்தில் பிக்கெட் என்பவரிடம் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்தால் அவர் அன்றைக்கே அறையைப் பூட்டுவார், அப்படிப்பட்ட மனிதர். என்னுடைய கருவியும் அதே அறையில்தான் இருந்தது. என் ஆய்வேட்டின் கடைசிச் சோதனை பாதியில் நின்றிருக்கும். ஆனால் நான் தாமதித்ததற்கு அது காரணமல்ல. பேச்சுவார்த்தை நடக்கும் சமயத்தில் எந்தத் தாளை எப்போது மேசைமேல் வைப்பது என்று யோசிக்க வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் கடைசியில் ஆய்வகப் பாதுகாப்பு குறித்த பிரிவு விவாதத்துக்கு வந்தது. ஆபத்தான வேலையை மறுக்கிற உரிமை வேண்டும், மறுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று கேட்டோம். நான்கு வரிதான். க்ரோனின் செலரியை மென்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் ஹாகன், நீங்க ரொம்ப நல்லா எழுதறீங்க. ஆனா அஞ்சு வருஷத்துல ஒரே ஒரு சம்பவம் காட்டுங்க. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரே ஒரு ஆள். இங்கயே, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

இமானி என் பக்கம் திரும்பினாள். "ஏதாவது வச்சிருக்கியா?" என்று கிசுகிசுத்தாள். நோமினின் தாள் என் பையில்தான் இருந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன். புகார் என்பது சம்பவமல்ல. அதைக் கொடுத்தால் ஒரு மின்விசிறியை மாற்றுவார்கள், அத்தோடு கதை முடியும். அந்த நான்கு வரி நமக்குக் கிடைக்காது. மூவாயிரம் பேருக்கான நான்கு வரி. நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

இதற்கிடையில் நோமின் அந்தக் கூண்டில் வேலை செய்ய மறுத்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. 'ஜனவரியில் தொடங்கும் அடுத்த பருவத்துக்கு உன்னை வைத்துக்கொள்வதா என்று பார்க்க வேண்டும்' என்று மட்டும் சொன்னாராம். நவம்பர் மத்தியில் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தாள்.

"என்ன தலைவரே, என் மனு எங்க இருக்கு? ஆஃபீஸ்லயா, குப்பத்தொட்டிலயா?"

"குடுத்தாச்சு. இந்த வாரம் வந்து பாப்பாங்க."

"சத்தியமா?"

"நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

"இல்ல. அதான் உன்கிட்ட குடுத்தேன். இமானிகிட்ட குடுத்திருந்தா மைக் புடிச்சுக் கத்தியிருப்பா, நான் இந்நேரம் ஃபிளைட்ல இருந்திருப்பேன்."

அந்த வார இறுதியில் நான்காம் மாடிக்குப் போனேன். அங்கே யாரும் பயன்படுத்தாத ஒரு கூண்டு இருக்கிறது. பிக்கெட்டின் ஆட்கள் அதைச் சோதித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டினால் ஸ்டிக்கர் கிழியாமல் வரும். அதைக் கொண்டுவந்து நோமினின் கூண்டில் ஒட்டினேன். மணியை உள்ளேயிருந்தே துண்டித்துவிட்டு, மேலே இருந்த டேப்பை எடுத்தேன். ஸ்டிக்கரின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் கூண்டின் எண் இருக்கும் என்பதை நான் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். நல்லது. கவனமாக வேலை செய்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

திங்கட்கிழமை அவள் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்தாள். முகம் சுளிக்காமல் குடித்தேன்.

என் எதிர்பார்ப்பை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தலைசுற்றல், மயக்கம், ஓர் ஆம்புலன்ஸ், ஒரு நாள் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். அதற்கான வாயு அளவைக்கூடக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். எந்த நாளில் எவ்வளவு பயன்படுத்தப்போகிறாள் என்று அவளுடைய ஆய்வகக் குறிப்பேட்டைப் பார்த்தாலே தெரியும். டிசம்பர் நான்காம் தேதி என்று தெரிந்ததும், அன்று மதியம் வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. அவளைத் தனியாக விட்டுவிடுவது சரியாகப் படவில்லை.

ஜனவரி இருபதாம் தேதி அந்த நான்கு வரியும் கையெழுத்தாயின. க்ரோனின் அன்று டப்பா கொண்டுவரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்த நேரத்தை என் நோட்டில் குறித்திருக்கிறேன். மற்ற பிரிவுகளும் அதே வாரத்தில் முடிந்தன. பெரிய அரங்கில் நானூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். இமானி அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்து, "இது அவளுக்காகடா" என்றாள். ஆமாம் என்றேன்.

பிக்கெட்டைப் பற்றியும் கேட்பீர்கள். நோமின் புகார் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும், அவளே பலரிடம் சொல்லியிருந்தாள். ஆகவே அந்தத் தாள் எங்காவது போயிருக்க வேண்டும். செப்டம்பர் தேதியிட்ட நகலை விசாரணைக் குழுவிடம் கொடுத்து, மூலத்தை அவருடைய தபால் பெட்டியில் போட்டதாகச் சொன்னேன். அவர் பார்க்கவே இல்லை என்றார். ஸ்டிக்கரில் அவருடைய ஆட்களின் கையொப்பம் இருந்தது. சோதிக்காமலே ஒட்டிவிட்டார்கள் என்று முடிவானது. இருபத்தாறு வருட வேலை போயிற்று. விசாரணை முடிந்து வெளியே வரும்போது அவர் என்னிடம் கோபப்படவில்லை. "தம்பி, அந்தத் தாள் என் கண்ணுல பட்டிருந்தா நான் பூட்டியிருப்பேன், உனக்கே தெரியும்ல?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியும். ஆனால் பெரிய காரியங்களில் யாராவது ஒருவர் மேல் பாரம் விழத்தான் செய்யும்.

நோமினின் அம்மா விமானமேறி வந்தார். அவர் பேசியதை ஓர் உறவுக்காரப் பெண் மொழிபெயர்த்தாள். "என் பொண்ணு எழுதிக் குடுத்தாளாமே. மூணு மாசமா அந்தக் காகிதம் எங்க படுத்துக் கிடந்துச்சுன்னு கேக்கறாங்க." நான் பிக்கெட்டின் பெயரைச் சொன்னேன். அந்த அம்மாள் பெயரைச் சரியாக உச்சரிக்க இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். மகளுக்கு இப்போது ஸ்பூன் பிடிக்க வருகிறது. இரண்டு மொழிகளில் ஒன்று திரும்பவில்லை. எதிரில் இருப்பவர் யார் என்பது சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. புதன்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறேன். சங்கத்திலிருந்து வேறு யாரும் இப்போது போவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

டிசம்பர் நான்கு பற்றி இன்னும் ஒன்று பாக்கி. என் அறிக்கையில், அந்த வழியாகப் போனபோது அவள் விழுந்து கிடந்ததைக் கண்டேன் என்று எழுதியிருந்தேன். அது முழுவதும் சரியல்ல. மூன்று மணியிலிருந்தே கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. மூன்று பதினாறுக்கு அவள் மூக்கைத் தேய்த்தாள். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்திருப்பாள், கூண்டு நன்றாக இழுக்கிறது என்று நிம்மதிகூடப் பட்டிருக்கலாம். மூன்று பதினேழுக்கு விழுந்தாள். என் கை கதவின் பிடியில் இருந்தது. சுவாசக் கவசமும் போட்டிருந்தேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் சங்கத்து ஆள். நான் மட்டும் பார்த்தால் அது சம்பவம் ஆகாது, சங்கம் கட்டிய கதை என்று க்ரோனின் சொல்வார். வெளி ஆள் ஒருவர் பார்க்க வேண்டும். துறை அலுவலகத்துப் பெண்மணி தினமும் மூன்றரைக்குத் தபால் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வருவார். அன்று கொஞ்சம் முன்னதாகவே வந்தார். வண்டியின் சக்கரச் சத்தம் திருப்பத்தில் கேட்டதும் கதவைத் திறந்தேன். மூன்று இருபத்திரண்டு. ஐந்து நிமிடம். அவள் விரல்கள் முதல் இரண்டு நிமிடம் தரையைப் பிராண்டிக்கொண்டிருந்தன, பிறகு இல்லை.

உள்ளே போய் அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தது நான்தான். மார்பை அழுத்தி மூச்சைத் திருப்பியதும் நான்தான். அந்தப் பெண்மணியைக் கேளுங்கள், சொல்வார். அன்று நான் அங்கே இல்லாமல் போயிருந்தால் நோமின் இன்று உயிரோடு இருக்கமாட்டாள். அதையும் எழுதிக்கொண்டீர்களா?